திமிறல்

ஜெகதீசன் தன் தலையை அவளிடம் கொடுத்தபோது, அவள் யாரென்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ரோகிணிக்கு அது முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடியே நல்லதாகப் போயிற்று என்று பட்டது.

"இறுக்கமா இருக்குதா சார்?" என்று தலைக்கவசத்தின் வாரை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டி ஓட்டறப்பவே ஹெல்மெட் போடாதவன் நான். இந்த வயசுல இதப் போட வச்சுட்டீங்க" என்று சிரித்தான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "ஏனுங்க மேடம், இது பேய் ஓட்டறதுங்களா, பேய் புடிக்க வைக்கறதுங்களா?"

"ரெண்டாவதுதான் சார்."

காவலர் பயிற்சிப் பள்ளியில் அந்த அறைக்கு உணர்வறை என்று பெயர். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கவசம், அவள் உட்காரும் மேசை, அவ்வளவுதான். மாநிலத்தில் யாருக்குப் பதவி உயர்வு என்றாலும் இந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஜெகதீசன் மருத்துவ விடுப்பு, பந்தோபஸ்து, சிபாரிசு என்று வருடக்கணக்கில் நழுவிக்கொண்டிருந்தான். இப்போது டி.எஸ்.பி. ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் வந்துவிட்டான்.

"என்னதான் பண்ணுது இது? சொல்லிட்டாவது பண்ணுங்க."

எல்லோருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள். "மனநோய் இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரியில காதுக்குப் பின்னாடி ஒரு வில்லை ஒட்டி விடுவாங்க, பாத்திருப்பீங்க. நோய் முத்தற நேரத்துல மூளையில என்ன நடக்குதுன்னு அது பதிஞ்சு வச்சுக்கும். டாக்டர் பாக்கறதுக்காகப் பண்ணினது. அப்புறந்தான் கண்டுபிடிச்சாங்க, அதையே திருப்பி இன்னொருத்தர் மூளைக்குள்ள அனுப்பலாம்னு. படம் வராது சார். பேச்சும் வராது. யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாது. அந்த ஆளு உடம்புல என்ன இருந்துச்சோ அது மட்டும் வரும். பயம், வலி, தவிப்பு, எது இருக்குதோ அது."

"அதத் தெரிஞ்சு நாங்க என்ன பண்ண?"

"ரோட்டுல ஒருத்தன் கத்தியோட நிக்கறான். கீழ போடுங்கறீங்க, போட மாட்டேங்கறான். திமிர்ல போடலையா, நீங்க சொல்றதே அவன் மண்டைக்குள்ள ஏறலையான்னு வெளிய நின்னு பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு தடவ உள்ள இருந்து பாத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும்."

"அட, இதுக்கு மிஷினு எதுக்குங்க? சர்வீஸ்ல சேந்த நாள்லருந்து இதத்தானே பாக்கறேன். எவன் நடிக்கறான், எவன் நெசமாவே மூளை பெசகினவன்னு கண்ணப் பாத்தாலே சொல்லிருவேன்."

"ஒரு தடவகூடத் தப்பானதில்லையா சார்?"

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். அவன் உண்மையிலேயே யோசித்ததுதான் ரோகிணிக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க" என்றான். "ஒரு தடவகூட இல்ல."

அவள் மேசைக்குப் போனாள். பயிற்சிக்கென்று ஒரு நோயாளியிடம் ஒப்புதலோடு வாங்கி, நோயின் உச்சத்துக்கு முன்பே வெட்டி வைத்திருந்த பதிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் தம்பியின் பதிவைப் போட்டாள்.

*

தம்பி தருண் செத்தது வெள்ளக்கரடு பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்களின் கண்முன்னால்.

சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். கடைசி வருடத்தில் நோய் பிடித்துக்கொண்டது. மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பான். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவான். அப்படி நிறுத்தியிருந்த ஒரு சமயம், பஸ் ஹாரனெல்லாம் தன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். ரோகிணி தேடி ஓடிச் சேர்ந்தபோது, உடைந்த சோடா பாட்டிலோடு நேரக் காப்பாளர் அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அப்போது எஸ்.ஐ.யாக இருந்த ஜெகதீசனும் அவனுடைய ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கீழ போடுடா. கையத் தூக்குடா. உக்காருடா. நகராதடா. இதில் எதை அவன் செய்வான்?

"சார், அவனுக்கு ஒடம்பு சரியில்லீங்க சார்! நான் அவன் அக்கா, என்னைய உள்ள விடுங்க!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு பெண் போலீஸ் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜெகதீசன் திரும்பியும் பார்க்கவில்லை. தருணைக் குப்புறத் தள்ளினான். முழங்காலை முதுகில் ஊன்றினான். தம்பியின் கால்கள் தரையில் அடித்துக்கொள்வதை ரோகிணி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அடித்துக்கொள்வது நின்றதையும் பார்த்தாள்.

'கடுமையாகத் திமிறியதால் கட்டுப்படுத்த நேர்ந்தது. அப்போது வலிப்பு வந்து இறந்தார்' என்று ஜெகதீசன் எழுதிக் கொடுத்தான். விசாரணை செய்த அதிகாரியும் அதையே எழுதினார். கூட்டத்தில் செல்போனில் படம் பிடித்தவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தம்பியின் சட்டையோடும் செருப்போடும் சேர்த்து, காதுக்குப் பின்னால் இருந்த வில்லையையும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு அவள் வக்கீலிடம் ஓடினாள்.

வக்கீல் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "இதுல என்னம்மா இருக்கும்? அவன் எவ்வளவு பயந்தான்னு இருக்கும். யாரு பண்ணா, எப்படிப் பண்ணான்னு இருக்காது. பயத்தக் கொண்டுபோயிக் கூண்டுல ஏத்த முடியாதும்மா."

அன்றைக்கு முடிவு செய்தாள், கூண்டு வேண்டாம் என்று.

உளவியல் படித்திருந்தாள், பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைப்பது கஷ்டமாக இல்லை. அவளைப் போல் அக்கறையாகச் சொல்லிக் கொடுப்பவர் கிடையாது என்று பேர் வாங்கினாள். அவளிடம் படித்துப்போன போலீஸ்காரர்கள் பாலத்தின் விளிம்பில் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அரிவாளோடு நின்றவனிடம் பேசிப் பேசி வாங்கி வைத்தார்கள். அமைச்சர் கையால் கேடயம்கூடக் கொடுத்தார்கள். எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை. ஒவ்வொரு தலைக்கும் கவசம் மாட்டும்போது இது ஜெகதீசன் தலை என்று நினைத்துக்கொண்டுதான் மாட்டினாள். என்றைக்காவது வருவான். வந்துதான் ஆக வேண்டும்.

தம்பியின் பதிவை ஒரே ஒருமுறை தன் தலையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்தைத் தாண்ட முடியவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு தொடவில்லை. அது அவளுக்கானதல்ல. அவனுக்காக வைத்திருப்பது.

*

பயிற்சிக்கு வருபவர்கள் கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பது வழக்கம். தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், நின்றுவிடும். ஜெகதீசன் கையிலும் கொடுத்திருந்தாள். அதன் இணைப்பை முன்பே பிடுங்கி வைத்திருந்தாள்.

முதலில் அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு உதடு மட்டும் சிரித்த நிலையிலேயே காய்ந்துபோக, கண் மாறியது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினான், யாரோ கூப்பிடுவதைப் போல. நாற்காலியின் சாய்மானத்தில் முதுகை ஒட்டி ஒட்டி உள்ளே போகப் பார்த்தான். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. பிறகு விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது.

ரோகிணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இத்தனை வருடமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல் அந்த முகத்தைப் பார்த்தாள். 'தெரியுதாடா? இதத்தானே கண்ணப் பாத்தே சொல்லுவேன்னே?'

அப்புறம் அவன் உடம்பு எம்பியது. மேலே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஏதோ பாறாங்கல்லைத் தூக்குகிறவன்போல் எம்பினான், விழுந்தான், எம்பினான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. தம்பிக்கு முடிகிறவரைக்கும் இவனுக்கும் ஓடட்டும் என்று நின்றாள்.

பதிவு முடிந்தது. ஆனால் ஜெகதீசன் திரும்பி வரவில்லை.

கவசத்தைப் பிடுங்கி எறிந்தான். கண்ணாடித் தடுப்பில் முட்டினான். பின்கதவு வழியாகப் பாய்ந்து கவாத்து மைதானத்துக்கு ஓடினான். பூச்செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். அவன் பார்வை யார்மேலும் நிற்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் எதையோ தேடியது.

கவாத்தில் இருந்த இளம் காவலர்கள் லத்தியோடு வளைத்துக்கொண்டார்கள். ரோகிணி மூச்சிரைக்க வந்து நின்றாள். இதை அவள் திட்டமிட்டிருக்கவில்லை. ஆனால் பார்த்ததும் புரிந்துவிட்டது: அதே மாதிரி இடம், அதே மாதிரிச் சுவர். ஆட்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். யாராவது ஒருத்தன் கத்தட்டும். ஒருத்தன் முதல் அடியை வைக்கட்டும். மற்றதெல்லாம் தானாக நடக்கும். அடிங்கடா என்று அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"யாரும் கிட்டப் போகாதீங்க!"

ஏட்டம்மா ஷப்னம். ரோகிணியின் உதவிப் பயிற்சியாளர். அவளிடமே படித்து, அவளிடமே தங்கிவிட்ட பெண். "லத்தியெல்லாம் கீழ போடுங்க. அந்தப் பக்கம் நிக்கறவங்க பின்னால போங்க, ஐயாவுக்குப் போறதுக்கு வழி தெரியணும். யாரும் பேசாதீங்க. நான் மட்டும் பேசறேன்."

தொப்பியைக் கழற்றினாள். அவனுக்கு எட்டாத தூரத்தில், வெயிலில், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, என் பேரு ஷப்னம். நான் கிட்ட வர மாட்டேன்."

பொறுத்திருந்தாள்.

"இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

மறுபடியும் பொறுத்திருந்தாள். அவன் மண்வெட்டியை ஓங்கினான். அவள் எழவில்லை.

"ரொம்பப் பயமா இருக்குதுங்களா ஐயா?"

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மண்வெட்டி கொஞ்சம் இறங்கியது.

"இருக்கட்டுங்க ஐயா. இங்க யாரும் உங்களத் தொட மாட்டாங்க. மூச்சு விடுங்க. அது போதும்."

ஒவ்வொன்றும் ரோகிணி சொல்லிக் கொடுத்தது. ஒரே குரல், ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம், கட்டளை கிடையாது, போக வழி விடு, பொறு. ஒரு சொல் குறையவில்லை. தன் வாயில் பிறந்த சொற்கள் வரிசையாகப் போய்த் தம்பியைக் கொன்றவனைத் தடவிக் கொடுப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு டீ குடிக்கிற நேரந்தான் ஆகியிருக்கும். மண்வெட்டி கீழே விழுந்தது. ஜெகதீசன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். காக்கிப் பேன்ட் நனைந்திருந்தது. ஒரு பயிற்சிக் காவலர் தன் துண்டை எடுத்து, பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் மடியில் போட்டார்.

ஒரு டீ குடிக்கிற நேரம். அவ்வளவுதானா? அவ்வளவு போதுமாயிருந்ததா? ரோகிணிக்குள் அதுவரை ஜெகதீசன்மேல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது இப்போது எல்லாத் திசையிலும் பற்றிக்கொண்டது.

*

"மிஷின் கோளாறுன்னு எழுதிக்கலாமா?" என்று பள்ளி முதல்வர் கேட்டார். அவருக்கு அதுதான் சௌகரியம்.

"இல்லீங்க. நான்தான் செஞ்சேன்" என்றாள் ரோகிணி. ஏன், யாருடைய பதிவு என்று எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. எதற்காகச் செய்தோம் என்று ஊருக்குத் தெரியாவிட்டால் அது பழியே இல்லை.

வேலை போயிற்று, வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வந்தாள். ஒப்புதல் இல்லாத பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. தம்பியின் வில்லையை அவள் கண்முன்னால் நொறுக்கினார்கள். கையெழுத்து வாங்க வந்த ஷப்னம் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். அன்னைக்கு நான் போய் உக்காந்தேனே, நீங்க பின்னாடிதானே நின்னீங்க. நாங்க அவர அடிச்சிருந்தா உங்களுக்குச் சந்தோசமா இருந்திருக்குமா?"

"ஆமா."

"எங்க கையால."

"ஆமா ஷப்னம்."

ஷப்னம் கையெழுத்து வாங்கிய தாளை மடித்தாள். "நீங்க சொல்லிக் குடுத்தத நான் நம்பினேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, ஜெகதீசன் பார்க்க வேண்டும் என்கிறான் என்று வக்கீல் சொன்னார். "போகாதம்மா. மெரட்டத்தான் கூப்பிடறான்" என்றார். அவள் போனாள். மிரட்டட்டும் என்றுதான் போனாள். அவனோடு முகத்துக்கு முகம் ஒரு சண்டை இன்னும் மிச்சமிருந்தது.

வீட்டு வராந்தாவில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"உன்னையக் கொன்னுபோடணும்னுதான் முதல்ல நெனச்சேன்" என்றான். "இன்னமும் சில நாளைக்கு அப்படித்தான் இருக்குது."

"எனக்கு எல்லா நாளும் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திமிறினான்னு எழுதினேன். பொய்யெழுதணும்னு எழுதலை. என் முட்டிக்குக் கீழ அப்படித்தான் தெரிஞ்சுச்சு. எம்பறான், அழுத்தினேன். மறுபடி எம்பறான், இன்னும் அழுத்தினேன்." உள்ளங்கையைக் கவிழ்த்தான். "அது திமிறல் இல்ல. காத்துக்கு எம்பறது. அழுத்த அழுத்த எம்பாம இருக்க முடியாது. வேணும்னாக்கூட முடியாது. அத நான் பண்ணிப் பாத்துட்டேன்."

ரோகிணி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கேச மறுபடி எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். நான்தான் பண்ணினேன்னு கோர்ட்டுல சொல்லப் போறேன்."

"அதனால உங்கள மன்னிச்சிருவேன்னு நெனைக்காதீங்க."

"நான் கேக்கலையே. நீ பண்ணினதையும் சொல்லத்தான் போறேன். ரெண்டு பேரும் உள்ள போவோம்."

"போவோம்."

இனிக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவளால் நகர முடியவில்லை. வில்லை நொறுங்கிவிட்டது. தம்பியின் கடைசி நேரம் இப்போது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, இதோ இந்த வராந்தாவில், இந்த மனிதனின் உடம்புக்குள். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"கடைசியில... எப்படி இருந்துச்சு அவனுக்கு?"

"ஏன், நீ போட்டுப் பாக்கலையா?"

"என்னால முடியல."

ஜெகதீசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணில் பழைய இன்ஸ்பெக்டர் ஒரு கணம் வந்து போனான்.

"உன்னால முடியாதத என் தலையில எறக்குனியா?" என்றான். "அப்ப அது எங்கிட்டயே இருக்கட்டும். கோர்ட்டுல கேட்டாச் சொல்லுவேன். உனக்குச் சொல்ல மாட்டேன். போ."

*

வழக்கு நடந்த அன்று நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. ரோகிணி பின்வரிசையில் சுவரோரமாக நின்றாள். அவளுடைய வழக்கு அடுத்த மாதத்துக்கு இருந்தது. இவனுக்குத் தண்டனை விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஜெகதீசன் சொன்னான். நீதிபதி ஐம்பதைத் தாண்டிய அம்மாள், கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, "யாராவது வற்புறுத்திச் சொல்றீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். நடந்ததைச் சொல்லச் சொன்னார். முழங்காலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். வராந்தாவில் சொன்ன அதே சொற்கள்.

"அவர் சாகப்போறார்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க. நடுவுல தெரிஞ்சுது. அப்பதான் பயம் ரொம்ப இருந்துது." நின்றான். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "கடைசியில இல்லீங்க."

"கடைசியில என்ன இருந்தது?"

ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டான். ரோகிணி சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். பயம் இல்லை என்றால் கோபமா? கோபமாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். தம்பி இவனைச் சபித்துக்கொண்டு செத்திருந்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடியும்.

"அதச் சொல்லத் தெரியலீங்கம்மா" என்றான் நீதிபதியிடம். "கூட்டத்துல தொலைஞ்ச கொழந்தைக்குத் தெரிஞ்ச ஆளு வந்துட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அப்பாடான்னு. யாரோ வந்துட்டாங்க. இனிமே ஒண்ணுமில்ல, அவங்க பாத்துக்குவாங்கன்னு. அப்படியே உடம்ப விட்டுட்டான்."

"யார் வந்தது?"

"தெரியலீங்கம்மா. அதுல முகம் வராது."

நீதிபதி எழுதுவதற்குக் குனிந்தார்.

"நான்" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று ரோகிணிக்கு உடனே தெரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். ஜெகதீசனும் திரும்பினான், அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அதில் வெற்றி எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பதுபோல் வாய் திறந்து மூடியது.

"நான்தான் வந்தேனுங்கம்மா" என்றாள். "என்னைய விடலைங்க."

"உங்க வழக்கு இன்னிக்கு இல்லம்மா" என்றார் நீதிபதி. குரலில் கடுமை இல்லை. "உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தா அடுத்த மாசம் சொல்லலாம். இப்ப உக்காருங்க."

உட்கார இடமில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.